டிஜிட்டல் லாஜிக் வடிவமைப்பின் அடிப்படைகளை எந்த வரிசையில் படிப்பது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: நிரல் எழுதத் தெரிந்த ஒருவர் டிஜிட்டல் லாஜிக் வடிவமைப்பைத் தாமாகவே படிக்கத் தொடங்கியிருக்கிறார். கேட்டுகள் (0, 1 மதிப்புகளை ஏற்று ஒரு தருக்க விடை தரும் சிறு சுற்றுகள்), பூலியன் இயற்கணிதம் (0, 1 மட்டுமே கொண்ட இயற்கணிதம்), கார்னோ வரைபடம் (தருக்கச் செயலைக் கட்டங்களில் எழுதிச் சுருக்கும் முறை) வரை தடையின்றி வந்துவிட்டார். ஒரு பிட்டை நினைவில் வைக்கும் சுற்றான ஃபிளிப்-ஃபிளாப் வந்ததும் குழப்பம் தொடங்கிவிட்டது. அந்தப் பகுதியைத் தள்ளிவைத்துவிட்டு நேரே, சுற்றுகளை நிரல் போல எழுதி விவரிக்கும் வெரிலாக் மொழிக்குப் போகலாமா என்று கேட்கிறார். போக வேண்டாம் என்பதே என் பதில். அவருக்குக் குழப்பம் வந்த இடத்தில்தான் இந்தத் துறை உண்மையில் தொடங்குகிறது. அதற்கு முன்னால் படித்தவற்றில் காலம் என்ற ஒன்று கிடையாது; உள்ளீட்டைக் கொடுத்தால் வெளியீடு உடனே கிடைத்துவிடுகிறது என்ற பாவனையிலேயே மெய்யட்டவணைகள் (எந்த உள்ளீட்டுக்கு எந்த வெளியீடு என்ற பட்டியல்கள்) எழுதப்படுகின்றன. ஃபிளிப்-ஃபிளாப் வரும்போது காலம் உள்ளே நுழைகிறது. அதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் வெரிலாக் எழுதுபவர், மென்பொருள் நிரலைப் போலத் தோற்றமளிக்கும், ஆனால் சுற்றாக வேலை செய்யாத ஒன்றைத்தான் எழுதுவார்.

முதற்பகுதியையும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நல்லது, ஏனெனில் அதில் வழக்கமாக அளவுக்கு மீறி அழுத்தம் தரப்படும் பகுதிகளும், அறவே விட்டுவிடப்படும் பகுதிகளும் உள்ளன. விட்டுவிடப்படுவதில் முதன்மையானது 0, 1 என்பவை உண்மையில் என்ன என்பது. சுற்றுக்குள் இருப்பது மின்னழுத்தம் மட்டுமே. அதை இரண்டு மதிப்புகளாகப் பார்க்கலாம் என்பது தயாரிப்பாளர் நமக்குத் தரும் உறுதிமொழி. 5 வோல்ட்டில் இயங்கும் பழைய டிடிஎல் (டிரான்சிஸ்டர்-டிரான்சிஸ்டர் லாஜிக்) சில்லுக் குடும்பத்தில் 0.8 வோல்ட்டுக்குக் கீழுள்ள உள்ளீடு 0 என்றும், 2.0 வோல்ட்டுக்கு மேலுள்ளது 1 என்றும் கொள்ளப்படும். வெளியீட்டுக்கு விதி இதைவிடக் கடுமையானது: 0 என்றால் 0.4 வோல்ட்டைத் தாண்டக் கூடாது, 1 என்றால் 2.4 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. இந்த இரண்டு விதிகளுக்கும் நடுவிலுள்ள 0.4 வோல்ட் இடைவெளிதான் இரைச்சலைத் தாங்கும் எல்லை. ஒரு கேட் தனக்கு வந்த சற்றுக் கெட்டுப்போன சமிக்ஞையைச் செம்மைப்படுத்தி அடுத்த கேட்டுக்குத் தருவதால்தான், கோடிக்கணக்கான கேட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தாலும் பிழை சேர்ந்துகொண்டே போவதில்லை. 0.8-க்கும் 2.0-க்கும் இடைப்பட்ட பகுதியில் எந்த உறுதிமொழியும் இல்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஜார்ஜ் பூல் தமது தருக்க இயற்கணிதத்தை 1847-லும் 1854-லும் வெளியிட்டபோது மின்சுற்றுகளைப் பற்றி நினைத்திருக்கவில்லை. 1937-இல் கிளாட் ஷானன் தமது முதுகலை ஆய்வேட்டில், ரிலே சுவிட்சுகளின் தொடர் இணைப்பையும் இணை இணைப்பையும் அதே இயற்கணிதத்தால் எழுதிச் சுருக்கலாம் என்று காட்டினார். அந்த இணைப்பைக் கையால் செய்து பார்ப்பது பயனுள்ளது. இருவகை டிரான்சிஸ்டர்களையும் சேர்த்துப் பயன்படுத்தும் சீமாஸ் முறையில் ஒரு நேண்ட் கேட்டை (அண்ட் கேட்டின் எதிர்மறை) வரைந்து பாருங்கள்: கீழே இரண்டு என்-வகை டிரான்சிஸ்டர்கள் தொடராக, மேலே இரண்டு பி-வகை டிரான்சிஸ்டர்கள் இணையாக, மொத்தம் நான்கு. இரண்டு உள்ளீடுகளும் 1 ஆனால் மட்டுமே கீழ்ப்பாதை திறந்து வெளியீடு 0 ஆகும். எல்லா உள்ளீடும் 1 ஆனால் மட்டும் 1 தரும் அண்ட் கேட் வேண்டுமென்றால், இதன் வெளியீட்டில், மதிப்பை எதிர்மறையாக்கும், இரண்டு டிரான்சிஸ்டர் கொண்ட ஒரு நாட் கேட்டைச் சேர்க்க வேண்டும், ஆக ஆறு. பாடத்தில் அண்ட் எளிமையானதாகவும் நேண்ட் அதிலிருந்து பிறந்ததாகவும் சொல்லப்படுகிறது. சிலிக்கானில் நிலைமை நேர்மாறானது. நேண்ட் ஒன்றைக் கொண்டே எல்லாத் தருக்கச் செயல்களையும் கட்டலாம் என்பதும் அப்போது வெறும் கணிதப் புதிராகத் தோன்றாது.

அளவுக்கு மீறி அழுத்தம் தரப்படுவது கார்னோ வரைபடம். மாரிஸ் கார்னோ 1953-இல் இதை முன்வைத்தபோது, ஒரு கேட்டைக் குறைப்பது என்பது கண்ணுக்குத் தெரியும் செலவைக் குறைப்பது. இன்று சுருக்கும் வேலையை மென்பொருள் செய்கிறது. வாங்கிய பிறகு நாமே சுற்றை அமைத்துக்கொள்ளக்கூடிய எஃப்பிஜிஏ சில்லில் நிலைமை இன்னும் வேறுபட்டது: நான்கு உள்ளீடு கொண்ட ஒரு தேடல் அட்டவணை 16 பிட் கொண்ட சிறு நினைவகம், நான்கு மாறிகளில் எழுதக்கூடிய 65,536 தருக்கச் செயல்களில் எதுவானாலும் அதற்குள் ஒரே செலவில் அடங்கிவிடும். ஆகவே நான்கு மாறி வரைபடத்தைத் தயக்கமின்றிப் போடத் தெரிந்தால் போதும். ஐந்து, ஆறு மாறிக் கணக்குகளில் வாரக்கணக்கில் செலவிடுவது தேர்வுக்கு உதவலாம், வடிவமைப்புக்கு உதவாது.

ஆனால் அந்த வரைபடத்தில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் பார்த்துவிட வேண்டும். க என்ற சமிக்ஞை 1 ஆக இருந்தால் ச-வையும், 0 ஆக இருந்தால் த-வையும் வெளியே அனுப்பும் ஒரு தேர்வுச் சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள்: க-வும் ச-வும் ஓர் அண்ட் கேட்டில், க-வின் எதிர்மறையும் த-வும் இன்னோர் அண்ட் கேட்டில், இரண்டின் வெளியீடுகளும் ஓர் ஆர் கேட்டில் (ஏதேனும் ஒன்று 1 ஆனாலும் 1 தருவது) சேர்கின்றன. ச, த இரண்டும் 1 ஆகவே இருக்கும்போது க-வை மாற்றினால் வெளியீடு 1 ஆகவே நீடிக்க வேண்டும் என்கிறது மெய்யட்டவணை. நடைமுறையில் க 1-இலிருந்து 0-க்கு இறங்கும்போது, அதன் எதிர்மறை நாட் கேட்டைக் கடந்து வரச் சிறிது நேரம் பிடிக்கிறது. அந்தச் சிறு இடைவெளியில் இரண்டு அண்ட் கேட்டுகளும் 0 ஆகிவிடுகின்றன. வெளியீட்டில் ஒரு மெல்லிய 0 துடிப்பு எட்டிப் பார்க்கிறது. கார்னோ வரைபடத்தில் 1-களைச் சுற்றிப் போட்ட, அருகருகே இருந்தும் ஒன்றன்மேல் ஒன்று படியாத இரண்டு வட்டங்களை இணைக்கும் வகையில், "ச மற்றும் த" என்ற தேவையற்றதாகத் தோன்றும் மூன்றாவது உறுப்பைச் சேர்த்தால் அந்தத் துடிப்பு மறைகிறது. மெய்யட்டவணை பொய் சொல்லவில்லை. அது எல்லாம் அடங்கிய பிறகு என்ன இருக்கும் என்பதை மட்டுமே சொல்கிறது, அடங்கும் வரை என்ன நடக்கும் என்பதைச் சொல்வதில்லை.

கூட்டல் சுற்றிலும் இதே பாடம் பெரிய அளவில் வருகிறது. இரண்டு பிட்டுகளையும் முந்தைய படியின் மிகுதியையும் (அடுத்த இலக்கத்துக்கு எடுத்துச் செல்லும் 1) கூட்டும் ஒரு பிட் முழுக்கூட்டியை நான்கு முறை அடுக்கி 1111-உடன் 0001-ஐக் கூட்டினால், கடைசிப் படியின் விடை சரியாக வருவதற்கு முதல் படியிலிருந்து கிளம்பிய மிகுதி எல்லாப் படிகளையும் கடந்து வர வேண்டும். 32 பிட் என்றால் 32 படிகள். மிகுதியை முன்கூட்டியே கணிக்கும் கூட்டிகள் ஏன் கண்டுபிடிக்கப்பட்டன என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. இரும எண்கள், இரண்டின் நிரப்பி முறை, எட்டு பிட்டில் -128 முதல் 127 வரை என்ற எல்லை ஆகியவை நிரல் எழுதுபவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

இனி, குழப்பம் தொடங்கிய இடம். ஃபிளிப்-ஃபிளாப்பைப் பெரும்பாலும் ஒரு அட்டவணையாக மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள்: எஸ் (செட்) இது, ஆர் (ரீசெட்) இது, அடுத்த நிலை இது. அதைவிட, கேட்டின் வெளியீட்டை அதன் உள்ளீட்டுக்கே திருப்பினால் என்ன ஆகும் என்ற கேள்வியிலிருந்து தொடங்குவது நல்லது. ஒரே ஒரு நாட் கேட்டை எடுத்து அதன் வெளியீட்டை அதன் உள்ளீட்டில் இணைத்தால், "மதிப்பு தன் எதிர்மறைக்குச் சமம்" என்ற சமன்பாடு கிடைக்கிறது. 0, 1 என்ற இரண்டில் எதுவும் இதற்குத் தீர்வு இல்லை. மூன்று நாட் கேட்டுகளை வளையமாக இணைத்தாலும் இதே சமன்பாடுதான். தீர்வு இல்லாததால் அந்த வளையம் ஓயாமல் அலைவுறுகிறது, ஒரு கேட்டின் தாமதத்தைப் போல ஆறு மடங்கு அதன் அலைவு நேரம். இரண்டு நாட் கேட்டுகளை வளையமாக இணைத்தால் சமன்பாடு "மதிப்பு தனக்கே சமம்" என்று மாறுகிறது. இதற்கு 0-உம் தீர்வு, 1-உம் தீர்வு. உள்ளீடே இல்லாத ஒரு சுற்றுக்கு இரண்டு நிலையான விடைகள் இருக்கின்றன என்றால், இப்போது அது எந்த விடையில் இருக்கிறது என்பது அதன் கடந்த காலத்தைப் பொறுத்தது. நினைவகம் என்பது இவ்வளவுதான். அந்த நாட் கேட்டுகளுக்குப் பதிலாக நார் கேட்டுகளை (எல்லா உள்ளீடும் 0 ஆனால் மட்டும் 1 தருபவை) வைத்து, வெளியிலிருந்து மதிப்பைத் திணிக்க இரண்டு வழிகளைத் திறந்துவிட்டால் எஸ்ஆர் லாட்ச் கிடைக்கிறது. இந்தச் சிந்தனையின் சுற்று வடிவத்தை எக்கல்ஸ், ஜோர்டான் என்ற இருவர் 1918-இலேயே வால்வுகளைக் கொண்டு அமைத்துக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள்.

இரண்டு நார் கேட்டுகளையும் தாளில் வரைந்து, ஒரு வெளியீட்டுக்கு ஒரு மதிப்பை வைத்துக்கொண்டு வளையத்தைச் சுற்றி வந்து, வைத்த மதிப்பே திரும்பி வருகிறதா என்று சரிபார்த்துப் பழகுங்கள். எஸ், ஆர் இரண்டும் 1 என்பது ஏன் தவிர்க்கப்படுகிறது என்பதும் அப்போது தானாகத் தெரியும்: இரண்டு வெளியீடுகளும் 0 ஆகிவிடுகின்றன, பிறகு இரண்டு உள்ளீடுகளையும் ஒரே நேரத்தில் விடுவித்தால் எந்தத் தீர்வில் போய் நிற்கும் என்று தருக்கத்தால் சொல்ல இயலாது.

இந்த லாட்சுக்கு முன்னால், கிளாக் என்ற, சீராக 0, 1 என மாறிக்கொண்டிருக்கும் சமிக்ஞையால் திறந்து மூடும் கதவு ஒன்றை வைத்தால், கதவு திறந்திருக்கும் நேரம் முழுவதும் உள்ளீடு மாறினால் வெளியீடும் மாறும். இதைக் கொண்டு ஓர் எண்ணியை (கவுண்டர்) அமைத்தால், கூட்டப்பட்ட மதிப்பு திரும்பி வந்து மறுபடி கூட்டப்பட்டு, கதவு திறந்திருக்கும் வரை கட்டுப்பாடின்றி ஓடும். இதைத் தடுக்கத்தான் இரண்டு லாட்சுகளை எதிரெதிர் கிளாக் நிலைகளில் திறக்கும்படி அடுத்தடுத்து வைத்து, கிளாக்கின் ஏறும் விளிம்பில் (0-இலிருந்து 1-க்கு மாறும் கணத்தில்) மட்டும் மதிப்பைப் பிடிக்கும் டி ஃபிளிப்-ஃபிளாப்பை உருவாக்குகிறோம். ஜேகே, டி (டாகிள்) வகை ஃபிளிப்-ஃபிளாப்புகளுக்கான மாற்று அட்டவணைகள் பாடத்திட்டத்தில் நீண்ட இடத்தைப் பிடித்திருக்கின்றன. இன்றைய வடிவமைப்புகளில் நீங்கள் சந்திப்பது ஏறக்குறைய முழுவதும் தரவைப் பிடிக்கும் சாதாரண டி வகையையே. மற்றவற்றை ஒரு மாலைப்பொழுதில் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

ஒரே கிளாக்கில் இயங்கும் சுற்றின் சிறப்பு, முன்பு சொன்ன மெல்லிய துடிப்புகளை அது பொருட்படுத்தாமல் விடுவதில் இருக்கிறது. ஒரு விளிம்புக்கும் அடுத்த விளிம்புக்கும் இடையில் கேட்டுகள் எப்படி வேண்டுமானாலும் தடுமாறட்டும். அடுத்த விளிம்பு வருவதற்குள் அடங்கிவிட்டால் போதும். எவ்வளவு முன்னால் அடங்க வேண்டும் என்பதே செட்டப் நேரம். விளிம்புக்குப் பிறகும் எவ்வளவு நேரம் மாறாமல் நிற்க வேண்டும் என்பது ஹோல்ட் நேரம். ஃபிளிப்-ஃபிளாப்பிலிருந்து மதிப்பு வெளிவர 0.5 நானோ விநாடி, இடையிலுள்ள கேட்டுகளில் மிக நீண்ட பாதைக்கு 3 நானோ விநாடி, செட்டப் 0.5 நானோ விநாடி என்று வைத்துக்கொண்டால், கிளாக்கின் ஒரு சுழற்சி 4 நானோ விநாடிக்குக் குறையக் கூடாது. அதாவது உச்ச வேகம் 250 மெகாஹெர்ட்ஸ். அந்த நீண்ட பாதையின் நடுவில் ஒரு ஃபிளிப்-ஃபிளாப் வரிசையைச் செருகி இரண்டாகப் பிரித்தால் வேகம் கூடும், விடை ஒரு கிளாக் தாமதமாக வரும். பைப்லைன் என்று பெரிதாகப் பேசப்படுவது இதுவே. செட்டப் மீறலைக் கிளாக்கின் வேகத்தைக் குறைத்துச் சரிசெய்யலாம். ஹோல்ட் மீறலை அப்படிச் சரிசெய்ய முடியாது, ஏனெனில் அந்தக் கணக்கில் கிளாக்கின் சுழற்சி நேரம் இடம்பெறுவதே இல்லை. இந்த ஒரு வேறுபாட்டைத் தாளில் இரண்டு அலைவடிவங்கள் வரைந்து நிறுவ முடிந்தால் காலக்கணிப்பின் பெரும்பகுதி உங்கள் கையில் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

வெளியுலகிலிருந்து வரும் பொத்தான் அழுத்தம் உங்கள் கிளாக்கைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அது சரியாக விளிம்பின்போது மாறினால், ஃபிளிப்-ஃபிளாப் பிடிக்கும் மின்னழுத்தம் நான் முன்பு நினைவில் வைக்கச் சொன்ன உறுதிமொழியற்ற பகுதியில் விழலாம். இரண்டு நாட் கேட்டு வளையத்துக்கு 0, 1 என்ற இரண்டு தீர்வுகளோடு, மின்னழுத்தக் கணக்கில் நடுவில் மூன்றாவது தீர்வு ஒன்றும் உண்டு. அது மலைமுகட்டில் நிற்கும் பந்தைப் போல நிலையற்றது, எந்தப் பக்கம் எப்போது உருளும் என்று சொல்ல இயலாது. மெட்டாஸ்டபிலிட்டி எனப்படும் இதை முற்றிலும் ஒழிக்க வழியில்லை. நிகழும் வாய்ப்பை மிகமிக அரிதாக்கத்தான் முடியும். வெளிச்சமிக்ஞையை அடுத்தடுத்த இரண்டு ஃபிளிப்-ஃபிளாப்புகள் வழியாக எடுத்துக்கொண்டால், முதலாவது தடுமாறினாலும் முடிவெடுக்க அதற்கு ஏறக்குறைய ஒரு முழுச் சுழற்சி கிடைக்கிறது. மூன்றாவதாக இன்னொன்றைச் சேர்த்து, "இப்போது 1, சற்று முன் 0" என்று ஒப்பிட்டால், ஓர் அழுத்தத்துக்கு ஒரே ஒரு கிளாக் அகலமுள்ள துடிப்பு கிடைக்கும். பொத்தானின் உலோகத் தொடுகை சில மில்லி விநாடிகள் அதிர்வதால் ஒரே அழுத்தம் பலமுறை பதிவாகும் என்பதையும் சேர்த்துக் கணக்கில் கொள்ள வேண்டும். தொடக்கப் பாடங்கள் இதைத் தவிர்ப்பது ஏன் என்று எனக்கு விளங்குவதில்லை. முதல் சுற்றிலேயே எல்லோரும் சந்திக்கும் சிக்கல் இது.

இதன் பிறகு ஸ்டேட் மெஷின், அதாவது உள்ளீட்டைப் பார்த்துக் கிளாக் விளிம்புதோறும் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு நகரும் சுற்று. மூர், மீலி என்ற இரண்டு வகைகளின் வரையறை எங்கும் கிடைக்கும்: முன்னதில் வெளியீடு நிலையை மட்டுமே சார்ந்தது, பின்னதில் அந்தக் கணத்து உள்ளீட்டையும் சார்ந்தது. வரையறையைவிட நிலையைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் முக்கியம். பிட் பிட்டாக வரும் தொடரில் 101 என்ற வரிசையைக் கண்டதும் 1 காட்டும் மூர் வகைச் சுற்றுக்கு நான்கு நிலைகள் போதும்: எதுவும் பார்க்கவில்லை, 1 பார்த்தாயிற்று, 10 பார்த்தாயிற்று, 101 பார்த்தாயிற்று. புதிதாகக் கற்பவர்கள் நான்காவது நிலையில் 0 வந்தால் தொடக்கத்துக்குத் திரும்புமாறு அம்புக்குறி போடுவார்கள். ஒன்றின் மேல் ஒன்று படியும் வரிசைகளையும் கணக்கிட வேண்டுமானால் அது தவறு; 101-இன் கடைசி 1-உம் இப்போது வந்த 0-உம் சேர்ந்து 10 ஆகிறது, எனவே மூன்றாவது நிலைக்குத்தான் போக வேண்டும். 10101 என்ற தொடரில் சுற்று இருமுறை 1 காட்டினால் உங்கள் படம் சரி. "இதுவரை வந்தவற்றில் எதிர்காலத்துக்குத் தேவையான எதை நான் மறக்கக் கூடாது?" என்ற கேள்விக்கான விடைகளே நிலைகள். நிலைப்படம் சரியாக அமைந்துவிட்டால் மீதி வேலை இயந்திரத்தனமானது: நான்கு நிலைக்கு இரண்டு ஃபிளிப்-ஃபிளாப், அடுத்த நிலைக்கு ஓர் அட்டவணை, அவ்வளவே.

வெரிலாக்கை இந்த இடத்தில் தொடங்கலாம். அதில் ஒரு தொகுதி அடுத்த தொகுதிக்கு முன்னால் நடப்பதில்லை; எல்லாத் தொகுதிகளும் ஒரே நேரத்தில் இருக்கும் கம்பிகளையும் கேட்டுகளையும் விவரிக்கின்றன. எட்டு முறை சுழலும் கட்டளை எழுதினால் அது எட்டு முறை ஓடுவதில்லை, எட்டுப் பிரதிகளாகச் சுற்றில் விரிகிறது. கிளாக் விளிம்பில் இயங்கும் தொகுதிக்குள் க-வுக்கு ச-வையும் ச-வுக்கு க-வையும் "<=" குறியால் கொடுத்தால் இரண்டும் இடம் மாறுகின்றன; அதையே "=" குறியால் எழுதினால், அந்தத் தொகுதிக்குள் வரிகள் வரிசையாக நடப்பதால் இரண்டிலும் ச-வின் பழைய மதிப்பே நிற்கும். ஃபிளிப்-ஃபிளாப்பின் இயல்பு தெரிந்தவருக்கு முதலாவது வியப்பே தராது. அதேபோல, கிளாக் இல்லாத தொகுதியில் ஒரு நிபந்தனைக்கு மட்டும் மதிப்பு கொடுத்து மற்ற நிபந்தனையை விட்டுவிட்டால், விடுபட்ட நேரத்தில் பழைய மதிப்பை வைத்திருக்க வேண்டும் என்று பொருளாகி, நீங்கள் கேட்காத ஒரு லாட்ச் உருவாகிவிடும். எழுதும் ஒவ்வொரு தொகுதிக்கும் முன்னால் அதன் சுற்றை, ஃபிளிப்-ஃபிளாப் எங்கே, கேட்டு மேகம் எங்கே என்ற அளவிலாவது, தாளில் வரைந்துகொள்ளுங்கள். வரைய முடியாததை எழுத வேண்டாம்.

கருவிகளுக்குப் பணம் தேவையில்லை. கேட்டுகளை இழுத்து இணைத்துப் பார்க்க லாஜிசிம்-எவல்யூஷன், வெரிலாக்கை இயக்கிப் பார்க்க ஐகாரஸ் வெரிலாக், அலைவடிவங்களைப் பார்க்க ஜிடிகேவேவ் ஆகியவை இலவசமாகக் கிடைக்கின்றன. யோசிஸ் என்ற கருவி நீங்கள் எழுதியதிலிருந்து பிறந்த சுற்றைப் படமாகவே காட்டும். தாளில் வரைந்ததோடு அதை ஒப்பிடுவதைவிடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரியவில்லை. கேட்டுகள் அடங்கிய 74 வரிசைச் சில்லுகளை, பற்றவைக்காமல் இணைக்க உதவும் பலகையான பிரெட்போர்டில் செருகிப் பார்ப்பது கட்டாயம் இல்லை. செய்தால், பயன்படுத்தாத சீமாஸ் உள்ளீடுகளை அந்தரத்தில் விடாமல் மின்வழங்கியுடனோ தரையுடனோ இணையுங்கள். ஒவ்வொரு சில்லுக்கும் அருகில் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றையும் வையுங்கள். காரணமே தெரியாத கோளாறுகளில் பெரும்பகுதி இந்த இரண்டிலிருந்தே வருகிறது.

எல்லாவற்றையும் ஒன்றாகச் சோதிக்கும் ஒரு வேலை வேண்டுமென்றால் யூஆர்ட் எனப்படும், ஒரு கம்பியில் பிட் பிட்டாகத் தகவல் செல்லும் முறைக்கான அனுப்பியையும் பெறுவியையும் பரிந்துரைப்பேன். ஓர் எட்டு பிட் எழுத்துக்கு முன்னால் 0 ஆன தொடக்க பிட், பின்னால் 1 ஆன நிறுத்த பிட், ஆகப் பத்து பிட்டுகள்; 50 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் அனுப்ப, ஒரு பிட்டுக்கு 5208 கிளாக் எண்ண வேண்டும். அனுப்பி என்பது ஒரு நகர்த்துப் பதிவேடு (பிட்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்தும் ஃபிளிப்-ஃபிளாப் வரிசை), இரண்டு எண்ணிகள், ஒரு சிறு ஸ்டேட் மெஷின். அது விரைவில் முடிந்துவிடும். பெறுவிதான் உண்மையான சோதனை. எதிர்முனையின் கிளாக் உங்களுடையது அல்ல என்பதால், வரும் கம்பியை முதலில் இரண்டு ஃபிளிப்-ஃபிளாப் வழியாக எடுக்க வேண்டும். தொடக்க பிட்டின் இறங்கும் விளிம்பைக் கண்டதும் 2604 கிளாக் காத்து அதன் நடுப்பகுதிக்கு வந்து, அங்கே இன்னும் 0 இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு, பிறகு 5208-க்கு ஒருமுறை மதிப்பைப் படிக்க வேண்டும். கடைசி பிட்டைப் படிக்கும்போது ஒன்பதரை பிட் நேரம் கடந்திருக்கும். அதற்குள் இரு முனைகளின் கிளாக் வேறுபாடு அரை பிட்டைத் தாண்டாதிருக்க, அந்த வேறுபாடு ஏறக்குறைய 5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். டெஸ்ட்பெஞ்சில் (சுற்றைச் சோதிக்க எழுதும் வெரிலாக் நிரலில்) எதிர்முனையின் வேகத்தை வேண்டுமென்றே 3 விழுக்காடும், பிறகு 7 விழுக்காடும் மாற்றி அனுப்பி, முன்னதில் எழுத்து சரியாக வருவதையும் பின்னதில் எந்த பிட்டிலிருந்து கெடுகிறது என்பதையும் அலைவடிவத்தில் பாருங்கள்.